நுரைக்கு என்ன விலை

கோதன்பர்க்கில், ஆற்றுக்கு வடகரையில்,
மூடிப்போன உணவகங்கள் கடைசியாக வந்துசேரும் இடம்
என் கிடங்கு.
நுழைந்ததும் ஓர் அலமாரி முழுக்கக் கற்பலகைகள்.
தட்டுக்குப் பதிலாக வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா?
சாறு வழிந்து மடியில் சொட்டும்,
கத்தி உரசினால் பல் கூசும்.
அப்போது யாரும் வாய் திறக்கவில்லை.
இப்போது எடை போட்டு விற்கிறேன்.
தோட்டத்தில் நடைபாதை போடுகிறவர்கள் வாங்கிப்போகிறார்கள்.
கால் வைக்க நல்ல கல்.

அடுத்து, குட்டித் தள்ளுவண்டிகள்.
பொம்மைக் கடையில் இருந்திருக்க வேண்டியவை,
பதினோரு உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சுமந்து
மேசை மேசையாகப் போய்வந்தன.
எண்ணியிருக்கிறேன். பதினொன்றுதான்.
பழரசம் ஊற்றிக் கொடுத்த ஊறுகாய் ஜாடிகள்.
கரி கலந்த ரொட்டிக்கென்றே வாங்கிய அச்சுகள்:
தின்றுவிட்டுச் சிரித்தவர்களுக்கெல்லாம்
அடுப்புவாய் போல ஒரு வாய்.

எல்லாவற்றையும் ஏசிவிடவும் முடியாது.
ஃபோண்டூ சட்டி இருக்கிறதே,
என் பெற்றோர் கல்யாணத்துக்கு ஐந்து வந்தன,
ஐந்தும் ஆரஞ்சு நிறம்.
பிறகு வெகுகாலம் அதன் பேரைச் சொன்னாலே சிரித்தார்கள்.
இப்போது வந்த அன்றே விற்றுப்போகிறது.
உருகிய பாலாடைக்கட்டியில் ரொட்டியை முக்கித் தின்பது
எந்த வருஷத்தில் தப்பாக இருந்தது, சொல்லுங்கள்.
ஜனவரி இருட்டில், ஒரே சட்டிக்குள்
ஆறு பேர் முள்கரண்டி விட்டுத் துழாவும்போது
யாரும் யாரோடும் நெடுநேரம் முறைத்துக்கொண்டிருக்க முடியாது.
(அத்தை கெர்ட்ருட் இருந்தாள். அவளால் முடிந்தது.)

புளித்தமாவு ரொட்டியும் அப்படித்தான்.
ஒரு காலத்தில் ஊரே மாவுக்குப் பெயர் வைத்துக் கொஞ்சியது,
வெளியூர் போனால் மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது.
பைத்தியம் தெளிந்தது.
ரொட்டி தங்கிவிட்டது.

போன செவ்வாய், தூறலில், மால்தே வந்தான்.
ஆறு வருஷம் முன்பு என்னிடம்
ஒன்பது நுரைக்குப்பிகள் வாங்கியவன்.
சதகுப்பை நுரை, பீட்ரூட் நுரை,
'கடற்கரை' என்று பேர் வைத்த இன்னொரு நுரை.
நானும் அன்னெலியும் ஒருமுறை போனோம்.
பதினாலு தட்டுகள் வந்தன, போயின.
திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி
ஆளுக்கு இரண்டு ஹாட்டாக் தின்றோம்.
இதை அவனிடம் சொன்னதில்லை.

ஒன்பதையும் மேசைமேல் வரிசையாக வைத்தான்.
"என்ன தருவீர்கள்?"
நுரைக்கு என்ன விலை சொல்ல?
உலோக விலைதான் என்றேன். தலையாட்டினான்.
காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.
சமையல்காரர்களின் பசி தனி ரகம்,
அடுத்தவருக்கு ஆக்கி ஆக்கியே மரத்துப்போன பசி.

என் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைச் சூடாக்கினேன்.
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது:
பறக்கும் யாக்கோபு.
கோழி, வாழைப்பழம், க்ரீம், மிளகாய்ச் சாஸ்,
மேலே வறுத்த பேக்கனும் வேர்க்கடலையும்.
எழுபதுகளில் ஒரு பத்திரிகையில் வந்து
நாடு முழுக்க அடுப்பேறிய பண்டம்.
வேற்று நாட்டாரிடம் விளக்க முயன்றிருக்கிறேன்;
பாதியில் பேச்சை மாற்றிவிடுவார்கள்.
மால்தேயே ஒருமுறை வானொலியில் சொன்னான்,
அதைச் சமைக்கிற வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று.

ஒரு வாய் வைத்தான்.
வாழைப்பழத்தை ஒதுக்கினான்.
பிறகு ஒதுக்கியதைத் தேடிப்பிடித்துத் தின்றான்.
வெளியே ஒரு லாரி பின்னோக்கி வரும் பீப் பீப்.
மூலையில் கருகி ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டியபடி
"இதுக்கு மேலே கொஞ்சம் கடலை நுரை..."
என்று தொடங்கியவன்
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது,
அவனுக்குக் கொஞ்சம் தாமதமாக.

குப்பிகள் இன்னும் இருக்கின்றன,
கீழ்த்தட்டில், வலப்பக்கம். எட்டு.
ஒன்பதாவது எங்கள் வீட்டில்.
ஞாயிறுதோறும் அன்னெலி அதில் வெறும் க்ரீமை அடைத்து
ஸ்ட்ராபெர்ரிமேல் பீய்ச்சுகிறாள்.
நன்றாக இருக்கிறது.
அதைச் செய்தவர்கள் அதற்காகத்தான் செய்தார்களாம்.
பெட்டியிலேயே எழுதியிருக்கிறது.